எதற்கு இவ்வளவு அமர்க்களம்?

1950ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி, ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு யானைக்குட்டியை ரயிலில் ஏற்றினார்கள். அந்த ஊர் ரயில் தரையில் ஓடுவதில்லை. வுப்பர் ஆற்றின் இரு கரையிலும் இரும்புக் கால்களை ஊன்றி, மேலே தண்டவாளம் அமைத்து, அதில் பெட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 1901இல் ஓடத் தொடங்கிய இந்தத் தொங்கு ரயிலுக்கு ‘ஷ்வேபபான்’ என்று பெயர். 13.3 கிலோமீட்டர் பாதை, 20 நிலையங்கள். பாதையில் பெரும்பகுதி ஆற்றுக்கு நேர் மேலே போகிறது. அந்த ஜூலையில் அல்ட்ஹோஃப் சர்க்கஸ் ஊரில் கொட்டகை போட்டிருந்தது. கூட்டம் சேர்க்க வழி தேடிய சர்க்கஸ் முதலாளி ஃபிரான்ஸ் அல்ட்ஹோஃப், இந்தியாவில் பிறந்த நான்கு வயது யானைக்குட்டி டுஃபியை இந்த ரயிலில் ஏற்றினார். பெட்டி முழுக்க நிருபர்கள், படம் எடுப்பவர்கள், அதிகாரிகள்.

ரயில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே டுஃபி மிரண்டு பிளிறியது. உள்ளே இருந்தவர்கள் பதறி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். யானை சன்னலை உடைத்துக்கொண்டு சுமார் 10 மீட்டர் கீழே ஆற்றில் போய் விழுந்தது. பின்புறத்தில் சிராய்ப்போடு உயிர் தப்பிவிட்டது. பயணிகளில் சிலருக்குச் சிறு காயம். முதலாளிக்கும் இதற்குப் பொறுப்பான போக்குவரத்து அதிகாரிக்கும் அபராதம் விதித்தார்கள். படம் எடுப்பவர்கள் அத்தனை பேர் இருந்தும் யானை விழுந்த அந்தக் கணத்தின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அஞ்சலட்டையில் இன்று விற்கும் படம் பிற்பாடு ஒட்டிச் சேர்த்தது. டுஃபி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்து 1989இல் பாரிஸில் இறந்தது. அதன் பெயரில் பாலும் தயிரும் விற்பனைக்கு வந்தன. 1970இல் குழந்தைகளுக்கான படக்கதை வந்தது. ஆற்றோரக் கட்டடச் சுவர் ஒன்றில் ஓவியமும் வந்தது.

ஒரு சின்ன விஷயத்தை ஒருவர் பெரிதாக்கினால் ஜெர்மானியர்கள் ‘கொசுவை யானையாக்காதே’ என்பார்கள். வுப்பர்டால்காரர்கள் சொல்லும்போது அந்த யானைக்கு ஒரு பெயர் இருக்கிறது, விழுந்த இடம் இருக்கிறது. ஜெர்மனியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் கொசுவையும் யானையையும் பள்ளிக்கூட ஜெர்மனில் கற்கிறார்கள். அதே பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் வேறொரு மிருகமும் மலையும் வருகின்றன. வீட்டில் அம்மம்மா ‘ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்காதே’ என்கிறார். மூன்றும் ஒன்றா, வேறா என்று பிள்ளை கேட்டால் பல பெற்றோருக்குப் பதில் தெரிவதில்லை. தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் கூட்டத்தில் பேசவும் தெரிந்தவர்கள்கூட, ‘அமர்க்களம் பண்ணாதே’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லப்போய் எதிரில் இருப்பவரைப் புண்படுத்திவிடுகிறார்கள். அல்லது தங்களைப் பார்த்து யாரோ அப்படிச் சொன்னது புரியாமல் சிரித்துவிட்டு வருகிறார்கள்.

இந்த வகைத் தொடர்களுக்கு அகராதியில் பொருள் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் கிடைக்கும்: சிறியதைப் பெரிதாக்குதல். ஆனால் சிறியது எது, பெரியது எது என்று அளப்பவர் யார்? பேசுகிறவர்தான். யார், யாரைப் பார்த்து, எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் இவை ஒவ்வொன்றும் விளங்கும்.

முதலில் அந்த மலை. ‘மேக்கிங் எ மவுண்டன் அவுட் ஆஃப் எ மோல்ஹில்’ என்பது ஆங்கிலத்தில் மிகவும் அறியப்பட்ட தொடர். ‘மோல்’ என்றால் தோலில் இருக்கும் மச்சம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு சிறு விலங்கு. தோண்டிய மண்ணை மேலே தள்ளிவிடும். புல்தரையில் ஆங்காங்கே சிறு மண் குவியல்கள் தெரியும். அதுதான் ‘மோல்ஹில்’. இந்த விலங்கு தென்னிந்தியாவில் கிடையாது. தமிழ் மாணவருக்கு இந்தத் தொடர் மனத்தில் ஒட்டாமல் போக அதுவும் ஒரு காரணம். ஐரோப்பாவில் வசிப்பவர்கள் பூங்காவில் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

இந்த மலைக்கும் ஜெர்மன் யானைக்கும் உறவு உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய லூசியன், ஈயைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஈயின் பெருமையை அடுக்கிக்கொண்டே போனவர், ஈயை யானையாக்குகிறேன் என்று சொல்லிவிடுவார்களே என்று முடித்துக்கொண்டார். அப்போதே அது பழமொழி. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் தன் பழமொழித் தொகுப்பில் அதைச் சேர்த்தார். எராஸ்மஸின் இன்னொரு நூலை ஆங்கிலமாக்கும் பணியில் இருந்த நிக்கலஸ் யூடல், 1548இல் ஈ யானையாவதையும் மண் குவியல் மலையாவதையும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார். ஆங்கிலேயர்கள் யானையை விட்டுவிட்டு மலையை வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் யானை தங்கியது, ஈயின் இடத்துக்குக் கொசு வந்தது. ரஷ்யர்கள் இன்றும் ஈயைத்தான் யானையாக்குகிறார்கள். போலந்துக்காரர்களிடம் ஊசி வைக்கோல் அள்ளும் முட்கோலாகிறது. இந்தியில் கடுகு மலையாகிறது, எள் பனைமரமாகிறது.

நம் பழமொழியில் இரண்டு படி இருப்பதைக் கவனியுங்கள். ஈர் ஒரே தாவலில் பெருமாள் ஆவதில்லை. முதலில் பேன், பிறகுதான் பெருமாள். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போது விஷயம் வளர்வதை இவ்வளவு சரியாகச் சொல்லும் வேறு தொடரை நான் பார்த்ததில்லை. ஆங்கிலத் தொடர் ஒரு ஆளைக் குற்றம் சொல்கிறது. தமிழ்ப் பழமொழி ஊரையும் சேர்த்துச் சொல்கிறது. ‘துரும்பைத் தூணாக்குவது’ என்பதுதான் ஆங்கிலத் தொடருக்கு நெருக்கமானது.

பெரிதாக்குவது தமிழில் எப்போதுமே குற்றமும் அல்ல. வள்ளுவர் இரண்டு இடத்தில் தினையைப் பனையாக்குகிறார். தினையளவு உதவியைப் பனையளவாகக் கொள்பவர்களைச் செய்ந்நன்றியறிதலில் பாராட்டுகிறார். தினையளவு தவறு தன்னிடம் நேர்ந்தாலும் அதைப் பனையளவாகக் கருதுபவர்களைக் குற்றங்கடிதலில் பாராட்டுகிறார். இந்தியில் எள்ளைப் பனையாக்கினால் பழி, குறளில் தினையைப் பனையாக்கினால் பெருமை. அடுத்தவர் செய்த நன்மையையும் தான் செய்த தவறையும் பெரிதாக்கலாம் என்கிறார் வள்ளுவர். யாருடைய எதைப் பெரிதாக்குகிறோம் என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக வைக்க முடியாது.

மலைத் தொடருக்குத் திரும்பினால், அதை நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது கடுமையானது. ‘யூ ஆர் மேக்கிங்’ என்று தொடங்கினால் ‘உனக்கு நிதானம் இல்லை’ என்று சொன்னதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார். தன்னைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டால் அது பணிவு: நான் பெரிதுபடுத்துகிறேனோ என்னவோ, ஆனாலும் கேட்டுவிடுகிறேன் என்பது போல. மேலதிகாரியிடம் சந்தேகம் எழுப்ப இந்தத் தன்னிலை வடிவம் உதவும். அவரைப் பார்த்து முன்னிலையில் சொன்னால் உறவு கெடும்.

அடுத்தது கோப்பை. ‘ஸ்டார்ம் இன் எ டீகப்’ என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘தேநீர்க் கோப்பையில் புயல்’ என்று எப்போதோ நம்முடையதாக்கிக்கொண்டன. அமெரிக்கர்கள் ‘டெம்பெஸ்ட் இன் எ டீபாட்’ என்று கோப்பையின் இடத்தில் கெண்டியை வைக்கிறார்கள். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் புயல் தண்ணீர்க் கிளாஸுக்குள் அடிக்கிறது. மலைத் தொடரைச் சொல்பவர் சண்டைக்குள்ளேயே இருக்கலாம். கோப்பைத் தொடரைச் சொல்பவர் வெளியே நிற்கிறார். கோப்பை சின்னது, நான் அதைக் குனிந்து பார்க்கும் அளவுக்குப் பெரியவன் என்ற தோரணை அதில் இருக்கிறது. அதனால்தான் அமைச்சர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் இது பிடித்தமான தொடர். ஊழல் புகாரோ ஊழியர் போராட்டமோ எழுந்தால் முதல் பேட்டியில் இது வந்துவிடும்.

இதன் வேர் ரோமில் இருக்கிறது. கிமு முதல் நூற்றாண்டில் சட்டங்களைப் பற்றி எழுதிய நூலில் சிசரோ, கிராடிடியஸ் என்பவர் கரண்டிக்குள் அலையெழுப்பினார் என்கிறார். அதையும் பழமொழி என்றே சொல்கிறார். கிராடிடியஸ் அப்படி என்ன செய்தார்? அர்ப்பினம் என்ற சிற்றூரில், வாக்களிப்பவர் வாய்விட்டுச் சொல்லாமல் எழுத்துப் பலகையில் வாக்கைக் குறிக்கும்படி சட்டம் கொண்டுவரப் பார்த்தார். யாருக்கு வாக்களித்தோம் என்று பெரிய மனிதர்களுக்குத் தெரியாமல் போக அது வழி. சிசரோவின் தாத்தா அதைக் கடைசிவரை எதிர்த்தார். இன்று உலகின் சனநாயக நாடுகளெல்லாம் போற்றும் இரகசிய வாக்கெடுப்பைத்தான் அன்று கரண்டிக்குள் அடித்த அலை என்று ஒதுக்கினார்கள். கோப்பையில் புயல் என்று யாராவது சொன்னால், கோப்பைக்குள் இருப்பது என்ன என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவது நல்லது.

இனி ‘ஃபஸ்’. அன்றாடப் பேச்சில் மிக அதிகமாகப் புழங்குவது இந்தச் சின்னச் சொல்தான். தமிழர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இதில்தான், ஏனென்றால் பின்னால் வரும் ஒட்டுச்சொல் மாறினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘மேக் எ ஃபஸ் அபவுட்’ என்றால் ஒன்றைப் பற்றிப் புலம்பி ஆர்ப்பாட்டம் செய்வது. ‘மேக் எ ஃபஸ் ஆஃப்’ என்றால் ஒருவரைச் சீராட்டுவது, தலையில் தூக்கிவைத்துக் கொஞ்சுவது. விடுமுறைக்கு வந்த பேரனுக்குப் பிடித்ததெல்லாம் செய்துபோட்டு, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டும் ஆச்சி இரண்டாவதைச் செய்கிறார். அதைக் குறையாகச் சொல்லிவிட்டார்களே என்று அவர் வருந்த வேண்டியதில்லை. வுப்பர்டால் ஊர் டுஃபிக்குச் செய்ததும் இந்த இரண்டாவதுதான். ‘ஓவர்’ வந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். குழந்தைமேல் வந்தால் சீராட்டல், பில்லில் கூடுதலாகப் போட்ட இரண்டு யூரோமேல் வந்தால் ஆர்ப்பாட்டம்.

‘ஃபஸ்ஸி’ என்பது இன்னொன்று. ‘ஃபஸ்ஸி ஈட்டர்’ என்று ஆசிரியர் உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொன்னால், பிள்ளை சண்டை போடுகிறது என்று பொருளல்ல. இது வேண்டாம், அது வேண்டாம் என்று சாப்பாட்டை ஒதுக்குகிறது என்று பொருள். ‘ஐ ஆம் நாட் ஃபஸ்ட்’ என்று பிரிட்டன்காரர் சொன்னால் எனக்கு எதுவானாலும் சரி என்கிறார். காபியா டீயா என்று கேட்டதற்கு இந்தப் பதில் வந்தால் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடலாம். ‘ப்ளீஸ், நோ ஃபஸ்’ என்று வீட்டுக்கு வந்த விருந்தாளி சொல்வது, நம்மவர்கள் ‘என்னால உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்பதற்கு அப்படியே இணை. நாம் அதைக் கேட்டதும் இரண்டு மடங்கு செய்வோம். ஆங்கிலேயர் பெரும்பாலும் சொன்னபடியே வேண்டாம் என்கிறார்.

‘ஐ டோன்ட் வான்ட் டு மேக் எ ஃபஸ், பட்’ என்ற தொடக்கத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு புகார் நிச்சயம் வரும், அதுவும் பலநாள் அடக்கிவைத்த புகாராக இருக்கும். ஜெர்மனியிலும் இதே போல ‘தியாட்டர்’ பண்ண விரும்பவில்லை, ஆனால் என்று தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இப்படிச் சொன்னால், பரவாயில்லை என்று சிரித்து நகர்ந்துவிடாதீர்கள். நின்று கேளுங்கள்.

‘கிக் அப் எ ஃபஸ்’ என்பதில் ஒலி கூடுகிறது. அலுவலகத்திலோ கடையிலோ குரலை உயர்த்திக் கேட்டே தீர்வது அது. இது எப்போதும் வசை அல்ல. அவர் ரகளை பண்ணியதால்தான் பணம் திரும்பிவந்தது என்று பாராட்டாகவும் வரும். ‘கிக் அப் எ ஸ்டிங்க்’ என்றால் இன்னும் ஒரு படி மேலே: நாற அடித்துவிட்டார் என்று நாம் சொல்வோமே, அதுதான்.

தமிழிலேயே கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்கள் இங்கே ஏமாற்றும். ‘சீன் போடாதே’ என்றால் நம் ஊரில் பந்தா காட்டாதே, இல்லாததை இருப்பதாகக் காட்டாதே என்று பொருள். ‘டோன்ட் மேக் எ சீன்’ என்றால் நாலுபேர் பார்க்கக் கத்தாதே, அழாதே, மானம் போகிறது என்று பொருள். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பேசினால் சண்டை வேறு திசையில் போய்விடும். ‘தமாஷா’வும் அப்படித்தான். அரபு, பாரசீகம் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்து, இங்கிருந்து ஆங்கில அகராதிக்குப் போன சொல் அது. ஆங்கிலத்தில் வேடிக்கை, ஆரவாரம், தேவையற்ற பரபரப்பு என்ற பொருள்கள் அதற்கு உண்டு. தமிழில் ‘தமாஷ்’ வெறும் நகைச்சுவையாகிவிட்டது. ‘டிராமா குயின்’ என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அது பெண்கள்மீதுதான் அதிகம் வீசப்படுகிறது. வலிக்கிறது என்று சொன்ன பெண்ணை இந்த இரண்டு சொல்லில் வாயடைத்துவிட முடியும். நான் இதைப் பயன்படுத்த மாட்டேன், நீங்களும் பிள்ளைகளிடம் பயன்படுத்த வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ‘ப்ளோ இட் அவுட் ஆஃப் ப்ரொபோர்ஷன்’ என்பது அலுவலகத்திலும் செய்தியிலும் சொல்லக்கூடிய நாகரிகமான வடிவம். ‘பிக் டீல்’ என்பதை ஏளனக் குரலில் தனியாகச் சொன்னால் ‘பெரிய இதுவாக்கும்’. ‘நோ பிக் டீல்’ என்றால் ‘பரவாயில்லை, விடுங்கள்’. ‘மச் அடூ அபவுட் நத்திங்’ என்பது ஷேக்ஸ்பியர் நாடகத்தின் தலைப்பு, 1600இல் அச்சானது. தலைப்பே பழமொழியாகிவிட்டது. ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு கூத்தா என்று கேட்கப் பத்திரிகைத் தலைப்புகளில் இன்றும் வருகிறது.

‘மேக் எ சாங் அண்ட் டான்ஸ் அபவுட் இட்’ என்ற தொடர் பிரிட்டனில் அமர்க்களத்தைக் குறிக்கிறது. அமெரிக்காவில் ‘சாங் அண்ட் டான்ஸ்’ என்றால் நீட்டி முழக்கிச் சொல்லும் சாக்குப்போக்கு. வேலைக்குத் தாமதமாக வந்தவர் சொல்லும் நீண்ட கதைக்குப் பொருந்தும். பாட்டு, கூத்து, நாடகம், சர்க்கஸ் எல்லாம் ஏன் வசைச்சொல்லாயின என்று தெரியவில்லை, ஆனால் பல மொழிகளில் இதே கதைதான். தமிழில் ‘என்ன கூத்து இது’ என்கிறோம், ‘நாடகமாடாதே’ என்கிறோம். ஜெர்மன் அம்மாக்கள் அடம்பிடிக்கும் பிள்ளையிடம் ‘தியாட்டர்’ பண்ணாதே, ‘த்சிர்க்குஸ்’ பண்ணாதே என்கிறார்கள்.

வுப்பர்டாலில் நிஜ நாடக அரங்கமே இப்படி ஒரு அமர்க்களத்தைப் பார்த்தது. 1973இல் நகர பாலேக் குழுவின் பொறுப்புக்கு பினா பௌஷ் வந்தார். அழகிய பாலே பார்க்க வந்தவர்கள் முன்னால் மனிதர்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், கத்தினார்கள், பேசினார்கள். ஆரம்ப ஆண்டுகளில் பார்வையாளர்கள் பாதியில் எழுந்து கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்கள். அதே ஊர் பிற்பாடு அவரைத் தன் பெருமையாகக் கொண்டது. உலகம் சுற்றிய அந்தக் குழு இந்தியாவுக்கும் வந்தது. இந்தியப் பயணத்திலிருந்து பிறந்த ‘பாம்பூ ப்ளூஸ்’ 2007இல் அரங்கேறியது. 2009இல் அவர் இறந்தபின் விம் வெண்டர்ஸ் எடுத்த ‘பினா’ படத்தில் தொங்கு ரயில் பெட்டிக்குள்ளேயே ஆடுகிறார்கள்.

ஜெர்மன் மொழியில் அமர்க்களத்துக்கு ‘டாம்டாம்’ என்றும் ஒரு சொல் உண்டு. இந்தியப் பறையின் ஓசையிலிருந்து எழுந்து பிரெஞ்சு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதுவே ‘டாம்-டாம்’. சென்னை மாகாணத்து அரசு ஆவணங்களில் தண்டோரா போட்டு அறிவிப்பதை இந்தச் சொல்லால்தான் எழுதினார்கள். தமிழில் ‘தம்பட்டம் அடிப்பது’ தற்பெருமை பேசுவதாகிவிட்டது. ஜெர்மானியரின் ‘டாம்டாம்’ தற்பெருமை அல்ல, எதற்கும் தேவைக்கு மேல் செய்யும் ஆரவாரம். கல்யாணத்தை ‘டாம்டாம்’ இல்லாமல் முடித்தோம் என்று ஒரு ஜெர்மானிய நண்பர் சொன்னால், எளிமையாக நடத்தினோம் என்கிறார்.

இந்தியர்கள் அதிகம் எழுதும் ஒரு தொடரை நான் கடைசிக்கு நிறுத்திவைத்தேன்: ‘ஹ்யூ அண்ட் க்ரை’. எதிர்க்கட்சிகள் கூச்சல் போடுகின்றன என்று எழுத இந்திய ஆங்கில நாளிதழ்கள் இதைத்தான் எடுக்கும். இதில் வரும் ‘ஹ்யூ’வுக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. பழைய பிரெஞ்சில் கத்துவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இடைக்கால இங்கிலாந்தில் கூச்சல் போடுவது சட்டப்படி கடமையாக இருந்தது. திருட்டையோ தாக்குதலையோ கண்டவர் குரலெழுப்ப வேண்டும். கேட்டவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஊர்விட்டு ஊர் குற்றவாளியைத் துரத்த வேண்டும். 1285இல் முதலாம் எட்வர்ட் அரசர் காலத்து வின்செஸ்டர் சட்டம் இதை உறுதிசெய்தது. கொள்ளையடித்தவனைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் அந்த வட்டாரமே பொறுப்பேற்க வேண்டும். காவல்துறை என்ற ஒன்று இல்லாத காலத்தில் ஏழைக்கும் எளியவருக்கும் இருந்த முதல் காவல் தொண்டைதான். 1827இல்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள்.

அந்தப் பழைய பொருள் இந்திய நீதிமன்றங்களில் உயிரோடு இருக்கிறது. குற்றப்பத்திரிகைகளிலும் தீர்ப்புகளிலும், பாதிக்கப்பட்டவர் ‘ஹ்யூ அண்ட் க்ரை’ எழுப்பினார், அக்கம்பக்கத்தார் ஓடிவந்தனர் என்று வரும். தமிழில் எழுதும் புகாரில் ‘சத்தம் போட்டேன், அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள்’ என்று இருப்பதன் ஆங்கில வடிவம் அது. ஒரே தொடர், ஒரே நாளிதழின் ஒரே நாள் பதிப்பில், நீதிமன்றச் செய்தியில் உண்மையான அலறலாகவும் அரசியல் செய்தியில் வீண் கூச்சலாகவும் வருவதுண்டு.

அளக்கும் கோல் தவறான கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய சாட்சி போபால். 1981 டிசம்பரில் அங்கிருந்த யூனியன் கார்பைடு ஆலையில் நச்சுவாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் அதைத் துருவத் தொடங்கினார். ‘ரபட்’ என்ற தன் சிறு வார இதழில், இந்த ஊரைக் காப்பாற்றுங்கள் என்றும் எரிமலையின் வாயில் போபால் உட்கார்ந்திருக்கிறது என்றும் 1982இல் அடுத்தடுத்து எழுதினார். 1984இல் ‘ஜன்சத்தா’ நாளிதழிலும் எழுதினார். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அவர் பீதி கிளப்புகிறார் என்றே நினைத்தார்கள். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு வந்தது. அதே ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். இதைப் படித்த பிறகு ‘மோல்ஹில்’ என்ற சொல்லை என்னால் இலேசாகச் சொல்ல முடிவதில்லை.

வுப்பர்டாலுக்கும் அப்படி ஒரு காலை உண்டு. 1999 ஏப்ரல் 12ஆம் தேதி. இரவெல்லாம் பாதையில் சீரமைப்பு வேலை நடந்திருந்தது. வேலைக்காகத் தண்டவாளத்தில் மாட்டிய ஒரு இரும்புப் பிடியைக் கழற்றாமல் விட்டுவிட்டார்கள். விடியற்காலை முதல் ரயில் அதில் மோதி ஆற்றில் விழுந்தது. 5 பேர் இறந்தார்கள், 47 பேர் காயமடைந்தார்கள். அவ்வளவு நீண்ட பாதையில் அந்தப் பிடி ஒரு சின்னப் பொருள். வேலை முடிந்ததும் மாட்டியது அத்தனையும் கழற்றியாயிற்றா என்று பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பவரை உடன் வேலை செய்பவர்கள் கெடுபிடிக்காரர் என்பார்கள், ஆங்கிலத்தில் ‘ஃபஸ்ஸி’ என்பார்கள். ரயில்வேயிலும் ஆஸ்பத்திரியிலும் விமானத்திலும் நம் உயிர் அப்படிப்பட்ட கெடுபிடிக்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக, பயன்படக்கூடிய ஒரு செய்தி. மேலே சொன்ன தொடர்களில் பெரும்பாலானவை பேச்சுக்கு உரியவை. டாக்டருக்கோ பள்ளிக்கோ வீட்டு உரிமையாளருக்கோ ஆங்கிலத்தில் எழுதும் கடிதத்தில் ‘ஃபஸ்’ என்ற சொல்லே வர வேண்டாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்கவும் வேண்டாம். ‘ஐ வுட் லைக் டு ரெய்ஸ் எ கன்சர்ன்’ என்று ஆரம்பியுங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது, இப்போது என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்று நாலு வரியில் எழுதுங்கள். நேரில் பேசும்போது யாராவது ‘நோ நீட் டு மேக் எ ஃபஸ்’ என்று சொல்லி அனுப்பப் பார்த்தால், கோபப்படாமல் ‘ப்ளீஸ் மேக் எ நோட் ஆஃப் இட்’ என்று கேளுங்கள். எழுதிக்கொள்ளும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.